ஓடுகிறது என்று எழுதியவர்

சனிக்கிழமை காலை பம்ப்காரரும் அவர் மகளும் இரண்டாம் எண் பம்ப்புக்குக் கயிறு மாற்றினார்கள். தண்டு சுழலும் இடத்தில் தண்ணீர் பீறிடாமல் இருக்க, கிரீஸில் ஊறிய சதுரக் கயிற்றை வளையம் வளையமாக வெட்டித் திணிக்க வேண்டும். ஐந்து வளையங்கள். ஒவ்வொன்றையும் சாய்வாக வெட்ட வேண்டும். ஒன்றின் ஒட்டுவாய் அடுத்ததன் ஒட்டுவாய்க்கு நேராக வந்துவிடக் கூடாது.

மகள் பாலங்களுக்குக் கணக்குப் போடும் பொறியாளர். வேறு ஊரில் வேலை. பத்து நாள் விடுப்பில் வந்திருந்தாள்.

"இன்ஜினியரம்மா, என்ன இது? கேரட் நறுக்குற மாதிரி நறுக்கி வச்சிருக்கீங்க?"

"நாப்பத்தஞ்சு டிகிரிப்பா. அளந்துதான் வெட்டினேன்."

"டிகிரி உன் பேப்பருக்குத் தெரியும். கயித்துக்குத் தெரியணுமே."

அவள் மறுபடி வெட்டினாள். அவர் மரக்குச்சியால் ஒவ்வொரு வளையமாக உள்ளே தள்ளினார். கடைசியில் நட்டைத் திருகும்போது அவள் ஸ்பேனரை முழுப் பலத்தோடு இழுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"போதும், போதும். கொஞ்சம் சொட்டணும். சொட்டாத பம்ப் சூடேறிப் போயிரும். உங்கம்மா மாதிரி. அப்பப்ப ரெண்டு சொட்டு விட்டாத்தான் வீடு ஓடும்."

"அம்மாகிட்ட சொல்றேன்."

"சொல்லு. எனக்கு ராத்திரிச் சாப்பாடு இங்கதான்னு சேத்துச் சொல்லிடு."

இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவர் மண்ணெண்ணெயில் கை கழுவி, துணியில் துடைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். பதிவேட்டைத் திறந்து தேதி, நேரம், கடல் மட்டம் எழுதினார். 'நிலை' என்ற கட்டத்தில் 'ஓடுகிறது' என்று எழுதினார். மகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அவர் எழுதியதை அவள் கவனிக்கவில்லை.

அவர்கள் சேர்ந்து செய்த கடைசிச் சாதாரண வேலை அதுதான். அதற்குப் பிறகும் மூன்று நாள் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரு வேலை செய்தார்கள். அதைச் சாதாரண வேலை என்று சொல்ல முடியாது.

ஊர் சின்னது. கடல் பெரியது. ஊரின் கீழ்க்கோடியில் ஏழு தெருக்கள் ஏறிய கடலின் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கிடக்கின்றன. கடல் இறங்கியிருக்கும்போது மதகு திறந்திருக்கும், சாக்கடை தானாகக் கடலுக்குப் போகும். கடல் ஏறினால் மதகை மூடிவிட வேண்டும். அப்போது மழையும் பெய்தால் ஏழு தெருத் தண்ணீரும் பம்ப் வீட்டுக் கிணற்றுக்கு வந்து சேரும். அதை இரண்டு பம்ப்புகள் சுவருக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொட்ட வேண்டும். இரண்டும் அவர் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே வந்தவை. செய்த கம்பெனி மூடி இருபது வருடம் ஆகிவிட்டது. உதிரி பாகம் தேவைப்பட்டால் பழைய இரும்புக் கடைகளில் தேடுவார், கிடைக்காவிட்டால் பட்டறையில் கடைந்து வாங்குவார்.

இருபத்து நாலு வயதில் சேர்ந்தார். முப்பத்தொரு வருடம். ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் மூன்று நான்கு பேர் இருந்தால் அதிகம். பள்ளிக்கூடத்தில் மகளே 'பம்ப்காரர் பொண்ணு'தான். கல்யாண போட்டோவில் மாப்பிள்ளை வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டிருப்பார். அன்று காலைதான் பம்ப் பேரிங் ஒன்று சுழலாமல் பிடித்துக்கொண்டது. கையிலிருந்த கிரீஸ் முழுதாகப் போகவில்லை. அம்மா அந்தப் போட்டோவை விருந்தாளிகளுக்குக் காட்டும்போதெல்லாம், "எனக்கு முன்னாடியே ரெண்டு பேரு இருந்தாளுங்க, ஒண்ணாம் நம்பர், ரெண்டாம் நம்பர்" என்பார். சிரிக்காமல்தான் சொல்வார். கேட்பவர்கள் சிரிப்பார்கள்.

வீட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர் திடீரென்று எழுந்து உட்காருவார். "ஒண்ணு இருமுது" என்று சொல்லிவிட்டுச் சட்டையைத் தேடுவார். மூன்று தெரு தள்ளியிருக்கும் பம்ப் இருமுவது அந்த வீட்டில் வேறு யாருக்கும் கேட்டதில்லை.

நகராட்சி ஒவ்வொரு வருடமும் மத்திய அரசிடம் நிதி கேட்டு விண்ணப்பிக்கும். மூன்று வேலைகளை வரிசைப்படுத்தி அனுப்ப வேண்டும். தலைவரும் இரண்டு உறுப்பினர்களும் கோட்டு மாட்டிக்கொண்டு தலைநகருக்குப் போவார்கள். கோப்பைக் கொடுத்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பி வருவார்கள். மூன்று வருடமாகப் பட்டியலில் முதல் வேலை புதிய பம்ப் வீடு. இரண்டாவது துறைமுகச் சாலை. மூன்றாவது கடற்கரை நடைபாதை. மூன்று வருடமாக எதுவும் வரவில்லை.

கோப்பைத் தயாரிப்பவர் நகராட்சிப் பொறியாளர். நான்கு பொறியாளர்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர்தான் இருந்தார், அதனால் ஒத்தை இன்ஜினியர் என்றே பெயர் விழுந்துவிட்டது. முப்பது வயதிருக்கும். பம்ப்காரர் மகள் விடுப்பில் வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, நீங்க ஒரு தடவை பாத்துக் கொடுங்க. இந்த வருஷமும் போச்சுன்னா அடுத்த மூணு வருஷத்துக்கு இந்தத் திட்டமே கிடையாது. பம்ப் அதுவரைக்கும் தாங்காது. அண்ணன் தாங்குவாரு, பம்ப் தாங்காது."

"ரெண்டும் ஒரே வயசுதான்" என்றார் அம்மா உள்ளேயிருந்து.

திங்கட்கிழமை மகள் நகராட்சி அலுவலகத்தின் மாடிக்குப் போனாள். ஒரு கால் ஆடும் மேசை. அதன் கீழே பழைய டெண்டர் கட்டு ஒன்றை மடித்துச் செருகியிருந்தார்கள். மத்திய அரசு மார்க் போடும் முறையை அவள் முதலில் படித்தாள். மொத்தம் நூறு. அதில் முப்பது மார்க் ஒரே ஒரு கேள்விக்கு: கடந்த பத்து ஆண்டுகளில் இயந்திரம் பழுதாகி நின்ற நாட்கள், பதிவேட்டு ஆதாரத்துடன்.

பத்து வருடப் பதிவேடுகளை இறக்கினார்கள். காலையிலிருந்து மூன்று மணி வரை அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பெரும்பாலும் அப்பாவின் கையெழுத்து, உருண்டையாக, கோட்டை விட்டு இறங்காமல். மூவாயிரத்து அறுநூறு நாட்களுக்கு மேல். 'நிலை' கட்டத்தில் எங்கும் ஒரே சொல். ஓடுகிறது. ஓடுகிறது. ஓடுகிறது.

கடைசியாகச் சனிக்கிழமைப் பக்கத்துக்கு வந்தாள். அவள் கயிறு வெட்டிய நாள். இரண்டரை மணி நேரம் பம்ப் நின்றிருந்தது அவளுக்குத் தெரியும். ஓடுகிறது.

"போன வருஷம் அவங்க என்ன பதில் போட்டாங்க?" என்று கேட்டாள்.

ஒத்தை இன்ஜினியர் கோப்பைத் திறந்து காட்டினார். 'பராமரிப்பு முன்மாதிரியாக உள்ளது. இயந்திரங்களை மாற்றுவதற்கான அவசியம் நிறுவப்படவில்லை.'

"இதை அண்ணன்கிட்ட படிச்சுக் காட்டினேன்க்கா. முன்மாதிரிங்கிற இடத்துல ஒருக்கா நிறுத்தி, திரும்பப் படிங்கன்னாரு. ஒரு ஜெராக்ஸ் கேட்டு வாங்கிக்கிட்டுப் போனாரு."

அந்த ஜெராக்ஸ் வீட்டில் இருப்பது அவளுக்குத் தெரியும். அலமாரியில், அவளுடைய பட்டத்துக்குப் பக்கத்தில்.

சாயங்காலம் அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"ஏம்ப்பா பொய் எழுதினீங்க?"

பம்ப்காரர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "பொய் எங்க எழுதினேன்?"

"சனிக்கிழமை பம்ப் நின்னுச்சு."

"எழுதும்போது ஓடிச்சா, இல்லையா?"

ஓடியது உண்மைதான்.

பிறகு அவரே சொன்னார். சேர்ந்த இரண்டாவது வருடம் உள்ளதை உள்ளபடி எழுதினார். 'நின்றது, நான்கு மணி நேரம்.' மறுநாளே மேற்பார்வையாளர் விளக்கம் கேட்டுத் தாள் அனுப்பினார். இவர் விளக்கம் எழுதினார். விளக்கத்துக்கு விளக்கம் கேட்டார்கள். எட்டு மாதம் அந்தத் தாள் மேலும் கீழும் போய் வந்தது. கடைசியில் மேற்பார்வையாளர் கூப்பிட்டு உட்காரவைத்து, "இங்க பாருப்பா, நின்னா ஓட வை. ஓடினதுக்கு அப்புறம் எழுது" என்றார். அன்றிலிருந்து அதுதான் பம்ப் வீட்டு வழக்கம். முதலில் ரிப்பேர், பிறகு பேனா. அவருக்குக் கீழே வந்தவர்களும் அதையே பழகிக்கொண்டார்கள்.

"நின்னுச்சுன்னு எழுதி என்ன ஆகப் போவுது? தெருவுல தண்ணி ஏறல. அதானே வேலை?"

"தெருவுல ஏறாம பாத்துக்கிட்டீங்க. அதனாலதான் அவங்க புது பம்ப் தர மாட்டேங்கிறாங்க."

அம்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அவர் அதை நகர்த்திவைத்தார்.

"அப்ப ஒழுங்கா பாத்துக்கிட்டதுதான் தப்பாயிடுச்சு" என்றார். கோபம் இல்லை. கூட்டிப் பார்த்துச் சரிதான் என்று சொல்வதுபோல இருந்தது.

ஒத்தை இன்ஜினியர் விதிகளைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். பதிவேட்டில் விடுபட்ட பழுதுகளை இயக்குபவர் ஒரு வாக்குமூலமாக எழுதிக் கொடுக்கலாம். ஆனால் அந்தப் பத்து வருடத்தின் தொடக்கத்தில் அங்கே வேலையில் இருந்த இன்னொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். கடைசித் தேதி அடுத்த வாரத்துக்கு அடுத்த திங்கள், மாலை ஐந்து மணி.

செவ்வாய், புதன், வியாழன். மூன்று நாட்கள் மகள் மடிக்கணினியில் கட்டம் போட்டாள், அப்பா நினைவிலிருந்து சொன்னார். தேதி அவருக்கு எண்ணாக ஞாபகம் இல்லை.

"உங்க பெரிய மாமா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப ஒரு தடவை. வெள்ளிக்கிழமை. பேரிங்."

"நீ முதல் சம்பளத்துல எனக்கு வாட்ச் வாங்கிட்டு வந்தே பாரு, அதுக்கு மறுநாள். ஆறு மணி நேரம். மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு."

"அந்த வாட்ச் எங்கப்பா?"

"கிணத்துல."

அவர் சொன்னதை அவள் நம்பிவிடவில்லை. அவளுடைய தொழில் அப்படி. ஒவ்வொரு நாளையும் துறைமுகத்தின் கடல்மட்ட அட்டவணையோடும் மழைக் கணக்கோடும் ஒத்துப் பார்த்தாள். அவர் 'அன்னிக்கு மழை கொட்டிச்சு' என்ற நாளில் மழை கொட்டியிருந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை. ஐம்பத்தெட்டு முறை நின்றிருந்தது. மார்க் கணக்கில் முப்பதுக்கு இருபத்தாறு. மொத்தத்தில் போன வருடம் தேர்வான கடைசி ஊரைவிட ஆறு மார்க் அதிகம் வந்தது. அவள் இருமுறை கூட்டிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு இருக்கு" என்றார் அவர்.

அவள் விரல்கள் விசைப்பலகையில் காத்திருந்தன.

"ஏழு வருஷம் முன்னாடி. பெரிய காத்து அடிச்சுதே, அந்த வாரம். எழுதாதே." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "எழுது" என்றார்.

அது நெட்டையர் விரல் போன நாள். நெட்டையர் பம்ப் வீட்டில் அவருக்குத் துணையாகப் பதினெட்டு வருடம் இருந்தவர். ஒரு பம்ப் நின்றுவிட்டது. இருவரும் மோட்டாரைப் பம்ப்போடு இணைக்கும் கப்ளிங்கைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். மேல் குழாயில் நின்ற தண்ணீரைத் தாங்கும் தடுக்கு பழசு. அது திடீரென்று விட்டுக்கொடுத்தது. தண்ணீர் பின்னோக்கிப் பாய்ந்து தண்டைச் சுழற்றியது. யாரும் சுவிட்சைத் தொடவில்லை. நெட்டையரின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அடுத்த வருடம் வேலையை விட்டுவிட்டுக் கழிமுகத்துக்கு அக்கரையில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார். படகில் இருபது நிமிடம். அதன் பிறகு இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஐம்பத்தொன்பது.

பம்ப் வீட்டு மாற்று ஆள் சேர்ந்து மூன்று வருடம்தான் ஆகிறது. இன்னொரு கையெழுத்துப் போடக்கூடிய ஆள் உயிரோடு இருப்பது நெட்டையர் ஒருவர்தான்.

"நான் வரேன்ப்பா, சேந்தே போவோம்."

"வேணாம். நான் போய்க்கிறேன். அது எங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது."

ஞாயிற்றுக்கிழமை மகள் வேலைக்குத் திரும்பினாள். திங்கட்கிழமை போன் செய்தாள். "காத்தா இருக்கு, படகு விடல" என்றார். அவள் வானிலையைப் பார்த்தாள். காற்று இல்லை. செவ்வாய்க்கிழமை, "ஒண்ணு இருமுது, விட்டுட்டுப் போக முடியாது." புதன்கிழமை அவள் குரலை உயர்த்திவிட்டாள்.

"அப்பா, ஏழு தெருப்பா. ஒரு கையெழுத்துக்காக."

"தெரியுது. நாளைக்குக் கண்டிப்பா. சட்டையெல்லாம் தேய்ச்சு வச்சாச்சு, உங்கம்மாகிட்ட கேளு."

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு மாற்று ஆள் பம்ப் வீட்டுக்கு வந்தபோது பம்ப்காரர் நாற்காலியில் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். விடியற்காலையில் இதயம் நின்றிருக்கும் என்றார் டாக்டர். மேலே தேய்த்த வெள்ளைச் சட்டை. சட்டைப் பையில் நான்காக மடித்த வாக்குமூலம், அவருடைய கையெழுத்தோடு. பம்ப்புகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. மாற்று ஆள் அழுதுகொண்டே பதிவேட்டில் அதை எழுதினார். பிறகுதான் போன் செய்தார்.

அடக்கம் வெள்ளிக்கிழமை. ஏழு தெருவும் வந்தது. நெட்டையர் வரவில்லை.

திங்கட்கிழமை காலை மகள் வாக்குமூலத்தை ஒத்தை இன்ஜினியரிடம் கொண்டுபோனாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணன் கையெழுத்து இருக்கு. போதும்க்கா. இன்னொண்ணு மட்டும் வந்தா நான் கண்ணை மூடிக்கிட்டு அனுப்பிடுவேன். ஆனா அஞ்சு மணி. அதுக்கு மேல அந்த வலைத்தளமே வாங்காது."

பன்னிரண்டு மணிப் படகில் அவள் அக்கரைக்குப் போனாள்.

நெட்டையர் வாசலில் வலைத் துண்டு ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தாலும் நெட்டைதான். அவளை அடையாளம் தெரிந்து எழுந்து, உள்ளே பார்த்து ஒரு நாற்காலி கேட்டார்.

"கேள்விப்பட்டேம்மா. வரணும்னுதான் கிளம்பினேன். படகுத்துறை வரைக்கும் வந்தேன்."

அவள் தாளைக் கொடுத்தாள். எதற்கு என்று நான்கு வாக்கியத்தில் சொன்னாள். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார். சில இடங்களில் தலையாட்டினார். "ஆமா, காயில் எரிஞ்சது. ஆமா, அன்னிக்குத்தான் அவன் வாட்ச்சு கிணத்துல விழுந்துச்சு." ஒரு முறை சிரிக்கக்கூடச் செய்தார். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டார்.

"இது அவன் சொன்னதா, நீயா எழுதினதா?"

"அப்பா சொன்னதுதான். முதல்ல எழுதாதேன்னாரு. அப்புறம் எழுதுன்னாரு."

"ம்."

"மாமா, நீங்க இங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும். அஞ்சு மணிக்குள்ள நான் கொண்டு போயிடுவேன்."

நெட்டையர் இடது கையைத் தாள் மேல் வைத்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், சுண்டுவிரல்.

"எனக்கு விரல் போச்சுல்ல, அப்ப விசாரணை நடந்துச்சு. பம்ப் நின்னுதான் ரிப்பேர் பாத்தீங்களான்னு கேட்டாங்க. பதிவேட்டைப் பாத்தா ஓடுகிறதுன்னு இருக்கு. ஓடுற பம்ப்ல கைய வச்சவன் யாரு? நான்தானே. ஆஸ்பத்திரியில கிடக்கிறேன், ஒரு தாள் வந்துச்சு. பம்ப் ஓடிக்கிட்டிருந்தது, என் கவனக்குறைவு. கையெழுத்துப் போடச் சொன்னாங்க. போட்டேன்."

"யாரு கொண்டு வந்தாங்க?"

"உங்கப்பன்தான். வேற யாரு என் பக்கத்துல வந்து உக்காருவாங்க? அவனும் அழுதான், நானும் அழுதேன். பதிவேடு பொய்னு ஆயிட்டா பம்ப் வீட்டுல இருக்குற அத்தனை பேருக்கும் வேலை போயிடும்டான்னான். சரின்னு போட்டேன். நஷ்டஈடு கிடைக்கல. அதை விடு."

அவளுக்கு இது தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்ததற்கு வெட்கப்பட்டாள்.

"மாமா, ஏழு தெரு இருக்கு. அடுத்த மழைக்கு அந்தப் பம்ப் நிக்கும். இப்ப ஓட வைக்கவும் ஆள் இல்ல."

"எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷம் அதோட குடும்பம் நடத்தினவன்."

"அப்ப போடுங்களேன்."

"நின்னுச்சுன்னு இப்ப போட்டா, ஓடுச்சுன்னு அன்னிக்குப் போட்டது என்னாகும்? ரெண்டுலயும் என் பேருதான் இருக்கு. நாளைக்கு எவனாவது ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சா, பொய் சொன்னவன் நானு. அவன் இல்ல." அவர் தாளை அவள் பக்கம் மெல்ல நகர்த்தினார். "அவன் வந்து, டேய், அன்னிக்கு நான்தான் உன்னைப் போட வச்சேன், அதையும் இதுல எழுதுறேன்னு சொல்லியிருந்தா நான் போட்டிருப்பேன். அவன் வாயால. ஒரு வரி."

"அதுக்குத்தான் கிளம்பினாரு."

"வரலையேம்மா."

உள்ளேயிருந்து யாரோ தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அவள் குடித்தாள். நெட்டையரும் அழைக்காமலேயே கூட நடந்து படகுத்துறை வரை வந்தார். அடுத்த படகு நான்கு மணிக்குத்தான். அது கிளம்பியபோது அவர் கரையில் நின்றுகொண்டிருந்தார்.

அலுவலகத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது ஐந்தாகப் பத்து நிமிடம் இருந்தது. ஒத்தை இன்ஜினியர் அவள் முகத்தைப் பார்த்தார், கணினிப் பக்கம் திரும்பினார். முப்பது மார்க் கட்டத்தில் பூஜ்யம் போட்டு விண்ணப்பத்தை அனுப்பினார்.

பம்ப்காரர் அக்கரைக்குப் போய் நெட்டையரிடம் ஒரு வரி சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. அதை வேறு யாராலும் சொல்ல முடியாது.